கடைவாசலில் நின்ற ஹிட்லர்: ஒரு போர்க்கால நகைச்சுவைப் படத்தின் வேடங்கள்

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், போர் இன்னும் தொடங்கியிராத வார்சா நகரின் கடைத்தெருவில் அடால்ஃப் ஹிட்லர் தன்னந்தனியாக வந்து நிற்கிறார். மெய்க்காவலர்களும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. தெருவில் போவோர் ஒவ்வொருவராகத் திகைத்து நிற்க, அவரோ பாலாடைக்கட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் விற்கும் மஸ்லோவ்ஸ்கியின் கடைக் கண்ணாடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர் சைவ உணவுக்காரர் ஆயிற்றே என்று பின்னணிக் குரல் வியக்கிறது. ஆனால் பத்தியத்தை எப்போதும் கடைப்பிடிப்பவர் அல்லர், சில சமயம் முழு முழு நாடுகளையே விழுங்கிவிடுவார் என்றும் சேர்த்துக்கொள்கிறது. சற்று நேரத்தில் உண்மை தெரிகிறது. அவர் ப்ரான்ஸ்கி என்ற துணை நடிகர். நாஜிகளை எள்ளும் நாடகமொன்றின் ஒத்திகையில், மீசை ஒட்டிய சாதாரண ஆள் போலத்தான் தெரிகிறாய், ஹிட்லர் போல இல்லை என்று கண்டிக்கப்பட்டவர், தன் வேடத்தை நிரூபிப்பதற்காகவே தெருவில் இறங்கியிருக்கிறார். ஊரே நம்பிவிட்ட அந்த நேரத்தில் ஒரு சிறுமி முன்னால் வந்து, ப்ரான்ஸ்கியைப் பெயர் சொல்லி அழைத்துக் கையெழுத்துக் கேட்கிறாள்.

எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கி 1942இல் வெளிவந்த ‘டு பி ஆர் நாட் டு பி’ என்ற அமெரிக்கப் படம் இப்படித் தொடங்குகிறது. மாறுவேடத்தை வைத்துப் பின்னப்பட்ட போர்க்கால உளவு நகைச்சுவைகளில் இன்றும் முதலில் பேசப்படுவது இதுதான். ஷேக்ஸ்பியரின் ஹாம்லட் தனிமொழியின் முதல் சொற்களே படத்தின் தலைப்பு. வாழ்வதா, மாய்வதா என்ற அந்தப் பெருங்கேள்வி இந்தப் படத்தில் முதலில் ஒரு கள்ளக் காதலுக்கான சமிக்ஞையாகத்தான் பயன்படுகிறது. யோசப் தூரா என்ற தற்பெருமைக்கார நடிகர் மேடையில் நின்று அந்த வரியைத் தொடங்கியதும், இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் இளம் விமானப்படை அதிகாரி சோபின்ஸ்கி எழுந்து வெளியே போகிறான். தூராவின் மனைவியும் புகழ்பெற்ற நடிகையுமான மரியாவின் ஒப்பனை அறைக்கு. மனைவி என்ன செய்கிறாள் என்பதைவிட, தன் தனிமொழியின்போது ஒருவன் எழுந்து போனான் என்பதுதான் தூராவைப் புண்படுத்துகிறது. இந்தச் சிறிய வேடிக்கைதான் பிறகு உளவுக் கதையின் திரியாக மாறுகிறது.

கதையின் உளவுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போலந்து வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, பிரிட்டிஷ் விமானப்படையின் போலந்துப் பிரிவில் சோபின்ஸ்கி சேர்கிறான். அங்கே பேராசிரியர் சிலெட்ஸ்கி என்ற மதிப்புக்குரிய பெரியவர், தான் ரகசியமாக வார்சா போகப்போவதாகச் சொல்லிப் போலந்து வீரர்களின் உறவினர் முகவரிகளையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். வார்சாக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் அவருக்கு மரியா தூரா யாரென்றே தெரியவில்லை என்பதுதான் சோபின்ஸ்கிக்கு உறுத்துகிறது. சிலெட்ஸ்கி உண்மையில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் ஆள். அவர் கையிலுள்ள பட்டியல் ஜெர்மானியரிடம் போய்ச் சேருமுன் தடுக்க வேண்டும் என்பதற்காகச் சோபின்ஸ்கி பாரசூட்டில் வார்சாவில் இறங்குகிறான். அந்த வேலை முழுவதும் வேலையிழந்த நாடகக் கம்பெனியின் தலையில் விழுகிறது. அவர்களிடம் துப்பாக்கிப் படை இல்லை. தடைசெய்யப்பட்ட நாடகத்துக்காகத் தைத்த நாஜிச் சீருடைகளும் ஒட்டுத்தாடிகளும் மட்டும் இருக்கின்றன.

அந்த நாடகம் தடைசெய்யப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. போருக்கு முன்பே, ஹிட்லரைப் புண்படுத்திவிடக் கூடாது என்று போலந்து அரசே அதை நிறுத்திவிடுகிறது. இது லூபிட்ச் வார்சாவைப் பற்றிச் சொன்னது மட்டுமல்ல, தான் வேலை செய்த ஊரைப் பற்றியும் சொன்னது என்றே நான் படிக்கிறேன். 1930களின் ஹாலிவுட், ஜெர்மன் சந்தையை இழக்க மனமில்லாமல் நாஜிகளைப் பெயர் சொல்லிக் காட்டத் தயங்கியது. பிற நாடுகளையும் அவற்றின் தலைவர்களையும் நியாயமாகச் சித்திரிக்க வேண்டும் என்ற தணிக்கை விதியும், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி கியோர்க் கிஸ்லிங் ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்த நெருக்கடியும் அந்தத் தயக்கத்துக்குத் துணை நின்றன. 1939இல் வார்னர் சகோதரர்களின் நாஜி உளவாளிகள் பற்றிய படமும், 1940இல் சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படமும் வந்த பிறகும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. திரைப்படங்கள் நாட்டைப் போருக்குள் இழுக்கப் பிரசாரம் செய்கின்றன என்ற குற்றச்சாட்டை விசாரிக்க, 1941 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஒன்று கூடியது. அதே ஆண்டு நவம்பரில் லூபிட்ச் படப்பிடிப்பைத் தொடங்கினார். அது முடிவதற்குள் டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து ஜெர்மனி அமெரிக்கா மீது போர் அறிவித்தது. நடுநிலை நாட்டில் தொடங்கிய படம் போர்க்கால நாட்டில் முடிந்தது.

படத்தை உருவாக்கியவர்களில் பலர் அந்த ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். லூபிட்ச் 1892இல் பெர்லினில் ஒரு யூதத் தையற்காரரின் மகனாகப் பிறந்து, 1911இல் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் சிறு வேடக்காரராகச் சேர்ந்தவர். 1922இல் ஹாலிவுட்டுக்குப் போனார். 1935இல் நாஜி அரசு அவரது ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தது. மூலக்கதை எழுதிய மெல்கியோர் லெங்யெலும் தயாரிப்பில் பங்கேற்ற அலெக்ஸாண்டர் கோர்டாவும் ஹங்கேரியர்கள். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே பிறந்தது போலந்தின் கிராக்குவ் நகரில். இசையமைத்த வெர்னர் ஹேமனும், கிரீன்பர்க் என்ற துணை நடிகராக வரும் ஃபெலிக்ஸ் ப்ரெஸ்ஸார்ட்டும் ஹிட்லர் பதவிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்கள். திரைக்கதையை எழுதிய எட்வின் ஜஸ்டஸ் மேயர் அமெரிக்கர். தையற்காரர் மகனுக்கு ஓர் உண்மை இளமையிலேயே தெரிந்திருக்கும்: அதிகாரம் என்பதில் பாதி, அளவெடுத்துத் தைத்த துணி.

மாறுவேடக் கதைகளில் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. வேடம் போட்டவன் திறமைசாலியாக இருப்பான், எதிரி முட்டாளாக இருப்பான். திறமை முட்டாள்தனத்தை வெல்லும். லூபிட்சின் கணக்கு வேறு. தூரா அவ்வளவு நல்ல நடிகர் அல்லர். தம் கம்பெனியின் அரங்கையே கெஸ்டபோ அலுவலகமாக மாற்றி, அதில் வார்சா கெஸ்டபோவின் தலைவனான கர்னல் எர்ஹார்ட் வேடத்தில் அமர்ந்து சிலெட்ஸ்கியை வரவேற்கும் காட்சியில் அவருக்குப் பேச எதுவும் கிடைப்பதில்லை. லண்டனில் உங்களை ‘வதைமுகாம் எர்ஹார்ட்’ என்கிறார்கள் என்று சிலெட்ஸ்கி சொன்னதும் சிரிக்கிறார். பிறகு வசனம் வற்றும்போதெல்லாம், ‘என்னை வதைமுகாம் எர்ஹார்ட் என்கிறார்களாமே’ என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் காலம் கடத்துகிறார். வசனம் மறந்த நடிகர் மேடையில் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அவஸ்தை புரியும். இறுதியில் அவரைக் காட்டிக்கொடுப்பது மொழியோ ஆவணமோ அல்ல. லண்டனிலிருந்து ஓர் இளைஞன் ‘வாழ்வதா, மாய்வதா’ என்ற சொற்களை மரியாவுக்குச் செய்தியாக அனுப்பியிருக்கிறான் என்று கேட்டவுடன், கெஸ்டபோ கர்னலின் சீருடைக்குள்ளிருந்து பொறாமை பிடித்த கணவன் வெளியே வந்துவிடுகிறான். சிலெட்ஸ்கி ஓடுகிறார், காலியான அரங்கில் துரத்தப்பட்டு, திரை உயரும்போது மேடை நடுவில் விழுந்து சாகிறார்.

இதற்குப் பிறகுதான் படம் தன் உண்மையான சரக்கை எடுத்துவைக்கிறது. செத்த சிலெட்ஸ்கியின் வேடத்தில் தூரா உண்மையான எர்ஹார்டைச் சந்திக்கப் போகிறார். லண்டனில் உங்களை ‘வதைமுகாம் எர்ஹார்ட்’ என்கிறார்கள் என்று இப்போது இவர் சொல்ல, எர்ஹார்ட் அதே சிரிப்பைச் சிரித்து, அதே வாக்கியத்தைச் சொல்கிறான். நீங்கள் இப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் என்கிறார் தூரா. சற்று முன்பு மோசமான நடிப்பென்று நாம் சிரித்தது, அசலின் துல்லியமான நகலாகிவிடுகிறது. போலி கெட்டது என்றால் அசலும் அவ்வளவுதான். தமிழில் ‘நடிக்கிறான்’ என்ற ஒரே சொல் கலைக்கும் ஏமாற்றுக்கும் பொதுவாக நிற்பது இந்தக் காட்சிக்கு ஆங்கிலத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எர்ஹார்டை ஏமாற்ற முடிவது அவன் முட்டாள் என்பதால் மட்டுமல்ல, அவன் பயந்தவன். இதைப் படம் ஒரு துணுக்கைக் கொண்டு காட்டுகிறது. நெப்போலியன் பெயரில் பிராந்தி வந்தது, பிஸ்மார்க் பெயரில் ஊறிய மீன் வந்தது, ஹிட்லர் கடைசியில் பாலாடைக்கட்டியாக முடிவார் என்பது அந்தத் துணுக்கு. நாடக ஒத்திகையில் ஒரு சிறுவன், தன் தகப்பன் இந்தத் துணுக்கைச் சொன்னான் என்று பொம்மைப் பீரங்கி வண்டிக்கு ஆசைப்பட்டு கெஸ்டபோவிடம் ஒப்பிக்கிறான். பின்னர் உண்மையான எர்ஹார்ட், தன்னை அறியாமல் அதே துணுக்கைச் சிலெட்ஸ்கி வேடத்திலிருக்கும் தூராவிடம் சொல்லத் தொடங்குகிறான். ஹிட்லர் உணவுக்கடைப் பண்டமாக வரலாற்றில் இடம்பெறுவார் என்று நான் நினைக்கவில்லை என்று தூரா முகத்தை இறுக்கிக்கொண்டதும், கர்னல் வெலவெலத்துப் போகிறான். அந்த நொடியிலிருந்து அந்த அறையில் யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பது தலைகீழாகிவிடுகிறது. படத்தின் முதல் காட்சியில் ஹிட்லர் ஏன் உணவுக்கடை முன்னால் நின்றார் என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைக்கிறது.

மேலிருப்பவனைக் கண்டு நடுங்கும் ஓர் அமைப்பில், வேடத்தைச் சோதிப்பதே ஆபத்தான செயல். எதிரே நிற்பவர் போலி என்றால் பிடித்துக்கொடுத்தவனுக்குப் பாராட்டு. அசலாக இருந்துவிட்டாலோ சந்தேகப்பட்டவன் தலை போகும். நடிகர்கள் தப்புவது இந்த இடைவெளிக்குள்தான். தாடிக் காட்சி இதன் உச்சம். அசல் சிலெட்ஸ்கியின் சடலம் கண்டெடுக்கப்பட்டதும், எர்ஹார்ட் தூராவை அந்தச் சடலத்தோடு ஓர் அறையில் அடைத்து வேடிக்கை பார்க்கிறான். தூரா செத்தவரின் தாடியை மழித்து, தன் பையிலிருந்த உபரி ஒட்டுத்தாடியை அவர் முகத்தில் ஒட்டிவிட்டு, சந்தேகமிருந்தால் இழுத்துப் பாருங்கள் என்று கர்னலையே அழைக்கிறார். தாடி கையோடு வருகிறது. அசல் போலியாகிறது, போலி அசலாகிறது, எர்ஹார்ட் மன்னிப்புக் கேட்கிறான். எல்லாம் சரியாகிவிட்ட அந்த நேரத்தில், இதை அறியாத சக நடிகர்கள் நாஜி அதிகாரிகளாக வேடமிட்டு உள்ளே புகுந்து, தூராவைக் காப்பாற்றுவதாக நினைத்து எர்ஹார்டின் கண்முன்னே அவர் தாடியைப் பிய்த்தெறிகிறார்கள். தவறான நேரத்தில் வந்து சேரும் உதவியைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை என்பது நாடகக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமல்ல.

கிரீன்பர்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேடையில் வேல் தாங்கி நிற்பது தவிர வேறு வேடம் கிடைக்காத இவர், ஒருநாள் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிக’னில் வரும் யூத வட்டிக்காரன் ஷைலக்காக நடித்துவிட வேண்டும் என்று ஏங்குபவர். ‘எங்களுக்குக் கண்கள் இல்லையா, குத்தினால் இரத்தம் வராதா’ என்ற ஷைலக்கின் வசனத்தைப் படம் மூன்று முறை கேட்கவைக்கிறது: போருக்கு முன் மேடைக்குப் பின்னால் ஒரு நடிகரின் ஆசையாக, பிறகு இடிந்த வார்சாவின் பனியில் தாழ்ந்த குரலில், கடைசியாக உண்மையான ஹிட்லர் வந்திருக்கும் அரங்கின் வாசலில், போலி ஹிட்லரை நிறுத்தி எல்லாக் காவலர்களுக்கும் முன்னால். அந்த மூன்றாவது முறை, கம்பெனியார் தப்பிச் செல்வதற்கான கவனத் திருப்பம் மட்டும்தான் அது. ஆனாலும் அவர் வாழ்நாள் முழுதும் காத்திருந்த மேடை அவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் மூலத்தில் ‘யூதனுக்குக் கண்கள் இல்லையா’ என்றிருக்கும் இடத்தில் படம் ‘எங்களுக்கு’ என்று மாற்றிக்கொள்கிறது. யூதர் என்ற சொல் படத்தில் வருவதேயில்லை. இதை ஹாலிவுட்டின் கோழைத்தனம் என்பாரும் உண்டு. ப்ரெஸ்ஸார்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தைக் கேட்கும் எவருக்கும் விட்டுப்போன சொல் எதுவென்று தெரியாமல் போகாது என்பதே என் எண்ணம். சொல்லாமல் விட்டதே காட்சிக்குக் கனம் கூட்டுகிறது.

திரைக்கு வெளியே, உண்மையான வார்சாவில் நடிகர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகரம் 1939 செப்டம்பர் 28 அன்று சரணடைந்தது. ஜெர்மானியர் அனுமதித்த அரங்குகளில் நடிக்கக் கூடாது என்று தலைமறைவாக இயங்கிய நடிகர் சங்கம் கட்டளையிட்டது. பல நடிகர்கள் காப்பிக் கடைகளில் பரிமாறிப் பிழைத்தார்கள். மறுபக்கம், போருக்கு முன் பெயர்பெற்ற திரைநடிகராக இருந்த இகோ சிம், ஜெர்மானியரின் நகர அரங்குக்குத் தலைமை ஏற்று, கெஸ்டபோவுக்காக வேலை செய்தார். போலந்து மக்களைக் கொடியவர்களாகக் காட்டிய ‘ஹைம்கேர்’ என்ற நாஜிப் பிரசாரப் படத்துக்குப் போலந்து நடிகர்களையே சேர்த்துக்கொடுத்தார். 1941 மார்ச் 7 அன்று தலைமறைவு இயக்கத்தினர் அவர் வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பழிவாங்கலாக வார்சாவுக்கு அருகிலுள்ள பால்மிரி காட்டில் 21 பிணைக்கைதிகள் கொல்லப்பட்டனர். ஸ்டெஃபான் யராச், லியோன் ஷில்லர் போன்ற பெரும் நாடகக் கலைஞர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். லூபிட்ச் படம் எடுப்பதற்கு எட்டு மாதம் முன்பு நடந்தது இது. அவருடைய நடிகர்கள் நாஜிச் சீருடைக்குள் தேசபக்தர்களை ஒளித்தார்கள். வார்சாவின் உண்மை நடிகர் ஒருவர் தமக்குப் பழகிய முகத்துக்குள் கெஸ்டபோவை ஒளித்திருந்தார்.

படம் சொன்ன தந்திரம் உண்மையில் பலிக்குமா என்று கேட்பவருக்கு 1944ஆம் ஆண்டு பதில் தருகிறது. பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்குவதற்கு முன், ஜெர்மானியரைத் திசைதிருப்ப, பிரிட்டிஷ் ராணுவச் சம்பளப் பிரிவில் இருந்த கிளிஃப்டன் ஜேம்ஸ் என்ற நடிகருக்கு பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மாண்ட்கோமரியின் வேடம் கட்டி ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்ஸுக்கும் அனுப்பினார்கள். முதல் உலகப் போரில் அவர் ஒரு விரலை இழந்திருந்ததால், அதை மறைக்கப் பொய் விரல் செய்ய வேண்டியிருந்தது. தொப்பியையும் நடையையும் பார்த்தவர்கள் விரல்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

1942 மார்ச்சில் படம் பரவலாக வெளியானபோது விமர்சகர்கள் பலர் கோபப்பட்டார்கள். நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரௌதர், ரோம் எரியும்போது பிடில் வாசித்த நீரோவோடு லூபிட்சை ஒப்பிட்டார். பிலடெல்பியா நாளிதழ் விமர்சனம் ஒன்று, வார்சா குண்டுவீச்சில் வேடிக்கை தேடும் ரசனையற்ற முயற்சி என்று கண்டித்தது. அதிகம் சுட்டது ஒரு வசனம். நடிகர் தூராவின் ஹாம்லட்டைப் போருக்கு முன் பார்த்திருக்கும் எர்ஹார்ட், அவன் ஷேக்ஸ்பியருக்குச் செய்ததைத்தான் நாங்கள் இப்போது போலந்துக்குச் செய்கிறோம் என்று தூராவிடமே சொல்கிறான். போலந்தின் துயரம் சிரிப்புக்குப் பொருளா என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பு முதலில் நடிகரின் தற்பெருமை மீது விழுகிறது, பிறகு ஒரு நாட்டைச் சிதைப்பதைக் கெட்ட நடிப்புபோல இயல்பாகப் பேசும் அதிகாரியின் மீது விழுகிறது. போலந்து மக்கள் மீது விழவேயில்லை. லூபிட்சும் பத்திரிகையிலேயே பதில் எழுதினார். சோகத்துக்கு இடையில் கொஞ்சம் சிரிப்பு அல்லது சிரிப்புக்கு இடையில் கொஞ்சம் சோகம் என்ற இரண்டு பழைய சமையல் குறிப்புகளும் தமக்கு அலுத்துவிட்டன என்றார். சாட்டையும் சித்திரவதைக் கூடமும் காட்டாததற்கு அவர் சொன்ன காரணம் கூர்மையானது: தம் படத்து நாஜிகள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டவர்கள், கொடுமை அவர்களுக்கு அன்றாட அலுவலாகிவிட்டது, கைப்பை வியாபாரி தன் சரக்கைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

இருந்தும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. படம் எடுத்தவர்கள் அறிந்திருந்த வதைமுகாம், டாஹௌ போன்ற சிறைமுகாம். ஐரோப்பிய யூதர்களை அழிப்பதை ஒருங்கிணைத்த வான்சே கூட்டம் நடந்தது 1942 ஜனவரி 20. படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வார்சா யூதர்களை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றியது அந்த ஆண்டு ஜூலையில். ‘வதைமுகாம் எர்ஹார்ட்’ என்று கேட்டு அன்றைய அரங்கு சிரித்த சிரிப்பும் இன்று நாம் சிரிப்பதும் ஒன்றல்ல. நமக்கு அந்தச் சிரிப்பு பாதியில் தொண்டையில் நிற்கிறது.

முதல் ரசிகர்களுக்கு வேறொரு துக்கமும் இருந்தது. மரியாவாக நடித்த கரோல் லம்பார்ட், இந்தியானாவில் 20 லட்சம் டாலருக்கு மேல் போர்ப் பத்திரங்கள் விற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், 1942 ஜனவரி 16 அன்று லாஸ் வேகாஸ் அருகே நடந்த விமான விபத்தில் தாயோடு இறந்துபோனார், வயது 33. விமானத்தில் போனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று மரியா கேட்கும் வசனம் ஒன்று படத்தில் இருந்தது. வெளியீட்டுக்கு முன் அதை வெட்டி எடுத்தார்கள்.

தூராவாக நடித்த ஜாக் பென்னி, வானொலியில் கஞ்சனாகவும் வீண்பெருமைக்காரராகவும் நடித்தே அமெரிக்கா முழுவதும் பழகிப்போன குரல். பிறப்பில் அவர் பெஞ்சமின் குபெல்ஸ்கி. யூதக் குடியேறியின் மகன். அவரே சொன்ன கதை இது. அவருடைய தந்தை மகன் நடித்த படத்தைப் பார்க்கப் போனார். ஒத்திகைக் காட்சியில், ஸ்வஸ்திகா அணிந்த சீருடையில் வந்து ஹிட்லருக்கு வணக்கம் சொல்லும் மகனைத் திரையில் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். மகனோடு பேசவும் மறுத்தார். அது வேடம், அந்த வேடம் யாருக்கு எதிரானது என்பதைப் பென்னி பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு கிழவர் திரும்பிப் போய் முழுப் படத்தையும் பார்த்தார். அதன்பின் பலமுறை போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.